முதலில் தீர வேண்டியது கேஸ்

நாலடி நீளத்துக்கு ஒரு படகு செய்ய ஆறு வருஷம் எடுத்துக்கொள்பவன் மனுஷனே இல்லை, நத்தை என்று கார்லா காசன் தன் அண்ணனைப் பற்றிக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவன் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறாள். வெஸ்லி கோபித்துக்கொண்டதில்லை. "நத்தைக்காவது சொந்த வீடு இருக்குடி" என்பான்.

பதினாறு வயதில், இங்கிலாந்தில் தங்கள் ஊரான பாரோவின் கப்பல் பட்டறைக்குள் நுழைந்தவன் வெஸ்லி. அங்கே கட்டுவது நீர்மூழ்கிகள். பகலெல்லாம் கடலுக்கடியில் ஒளியப்போகிற இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தவனுக்கு, நாலு பேர் பார்க்கப் புகைவிட்டுக்கொண்டு தண்ணீர்மேல் போகிற படகின்மீது பைத்தியம். அதிலும் ஒரே படகின்மீது. ஊரிலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஏரியில் இன்னமும் நிலக்கரியில் ஓடுகிற ரோவெனா. விக்டோரியா காலத்தில் ஓர் இரும்பாலை முதலாளி தனக்கென்று கட்டிக்கொண்ட உல்லாசப் படகு அது. இப்போது டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறலாம்.

"எவனோ ஒரு முதலாளி பொண்டாட்டி வெயில்ல உக்காந்து டீ குடிக்கக் கட்டினது. அதைப் போய்க் கும்பிட்டுக்கிட்டு இருக்கியே" என்பாள் கார்லா.

"டீ குடிச்சது அவங்க. கட்டினது நம்மாளுங்க" என்பான் வெஸ்லி. அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் கார்லா; வரலாறு படித்தவள். முதலாளிகளைப் பற்றி அவளிடம் மணிக்கணக்கில் பேச விஷயமிருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

அந்த ரோவெனாவின் சின்ன உருவத்தைத்தான் அவன் ஆறு வருஷம் செய்தான். உள்ளே நிஜப் பாய்லர், நிஜ எஞ்சின். நிலக்கரிக்குப் பதில் கேஸ் அடுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அது முடிந்த வசந்தத்தில், நிஜ ரோவெனாவில் கரி அள்ளிப்போட ஒரு ஃபயர்மேன் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வெஸ்லி விண்ணப்பித்தான். அதன் தலைமை எஞ்சினியர் ஜூடித் டைசன் போனில் கூப்பிட்டார்.

"ஆபீஸ்ல உக்காரவச்சுக் கேள்வி கேக்கறது எனக்கு ஒத்து வராது. ஞாயித்துக்கிழமை உங்க கிளப் நாள்தானே? நான் வர்றேன். ஒரு ஆள் தன்னோட பாய்லரை எப்படிப் பாத்துக்கறான்னு பாத்தா எனக்குப் போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காக் குளத்தில் மாதிரிப் படகுக் கிளப்பின் பத்துப் பன்னிரண்டு சின்னப் படகுகள் புகைந்துகொண்டிருந்தன. சூடான எண்ணெய் வாசனையும் பேக்கன் பன்றிக்கறி வறுபடும் வாசனையும் கலந்து அடித்தன. வெஸ்லி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்க" என்றாள் கார்லா.

"பொண்ணு இன்னும் வரலையே" என்றான். சிரித்தான், ஆனால் கண் வாசல் பக்கமே இருந்தது. டைசன் சொன்ன நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

காத்திருந்தது போதுமென்று வெஸ்லி பாய்லரில் தண்ணீர் ஊற்றி, கேஸ் நிரப்பி, பற்றவைத்துப் படகை விட்டான். ரோவெனா இரண்டு சுற்று போனபோது குளத்தின் மறுகோடியிலிருந்து ஆர்னல்ட் பெல் கையாட்டினார். கிளப்பிலேயே வயதானவர். அவருடைய இழுவைப் படகு அல்லிக்கொடியில் சிக்கிக்கொண்டது. துடுப்புப் படகில் போய் எடுத்துவர அவருக்கு முட்டி ஒத்துழைக்காது.

வெஸ்லி ரிமோட்டைத் தங்கையின் கையில் கொடுத்தான். "கேஸ் தீந்ததும் ரோவெனா வேகம் குறையும். கரைக்குக் கொண்டுவந்து கட்டிடு. அவ்வளவுதான். வேற எதையும் தொடாத."

"அதுக்குள்ள அந்தம்மா வந்துட்டா?"

"வந்தா நிக்கட்டும். நான் வந்து தண்ணி ஊத்தித் திரும்பப் பத்தவைப்பேன்."

இதற்குக் காரணம் என்ன என்று கார்லாவுக்குத் தெரியாமலில்லை. அண்ணன் சின்னச் சின்ன எஞ்சின்களைப் பரப்பிவைத்த சமையலறையில் வளர்ந்தவளுக்கு அது பால்குடி மறக்கும் முன்பே தெரியும். தண்ணீருக்கு முன்னால் கேஸ் தீர வேண்டும். அதற்காகவே கேஸ் தொட்டியைச் சிறியதாகச் செய்வார்கள். கேஸ் தீர்ந்தால் படகு நிற்கும், ஒரு நஷ்டமுமில்லை. தண்ணீர் முதலில் தீர்ந்தால் வெறும் பாய்லர் நெருப்பில் காயும்.

வேகம் குறைந்தது. அவள் படகைக் கரைக்குக் கொண்டுவந்தாள். நிமிர்ந்தபோது வாசலில் ஒரு பச்சை வேன். மேல்சட்டையில் கரி படிந்த ஒரு நரைத்த பெண்மணி இறங்கி, கிளப் செயலாளரிடம் பேசிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேசினார். மறுபடி பார்த்தார்.

கார்லாவுக்குச் சுள்ளென்று ஏறியது. இவ்வளவு நேரம் கழித்து வருவாராம், வந்ததும் கடிகாரம் பார்ப்பாராம். கட்டிப்போட்ட படகை எட்டிப் பார்த்துவிட்டு, 'அழகா இருக்கு' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாராம். ஆறு வருஷம். எதிர்க்கரையில் அண்ணன் இன்னமும் கொடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் பெட்டியைத் திறந்து கேஸ் டப்பாவை எடுத்தாள். தொட்டியை நிரப்பினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு மேல்தளத்தைக் கழற்ற வேண்டும். அஞ்சு நிமிஷம் ஓடினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று படகைத் தள்ளிவிட்டாள்.

டைசன் வந்து அவள் பக்கத்தில் நின்றபோது ரோவெனா வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் அதன் போக்கையே கண்ணால் தொடர்ந்தார்.

"முன்மூக்கு சரியா வந்திருக்கு" என்றார் கடைசியில். "நிறையப் பேர் அதைக் கத்தி மாதிரி பண்ணிடுவாங்க. நீங்க தங்கச்சியா?"

"ஆமா."

"உங்களுக்கும் இந்தப் பைத்தியம் உண்டா?"

"எனக்கு வேற பைத்தியம்" என்றாள் கார்லா. அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. அவரை வெறுக்க வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் அவளிடம் கொஞ்சம் தளர்ந்தது.

அப்போதுதான் படகின் நடுவிலிருந்து புகை வந்தது. புகைபோக்கியிலிருந்து அல்ல, மேல்தளப் பலகைகளின் இடுக்கிலிருந்து. எஞ்சின் ஒருமுறை இழுத்துவிட்டு நின்றது. குளத்தின் நடுவில் ரோவெனா பழுப்பாகப் புகைந்தபடி மிதந்தது.

துடுப்புப் படகிலிருந்த வெஸ்லி அதைப் பார்த்தான். துடுப்புப் போட்டு வரப் பொறுமையில்லாமல் அப்படியே குதித்தான். இடுப்பளவு தண்ணீரில், சலவைச் சட்டையோடு, சேற்றில் கால் புதையப் புதைய நடந்து, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கரைக்கு வந்தான்.

மேல்தளத்தைக் கழற்றினான். பாய்லர் செம்பு ஊதாவும் கருப்புமாகக் கன்றியிருந்தது. அதைச் சுற்றிக் கட்டியிருந்த மரப்பட்டிகள் கரியாகிவிட்டன. ஈயம் உருகி ஒரு குழாய் கழன்று தொங்கியது.

"தண்ணி எவ்வளவு விட்டிருந்தீங்க?" என்று கேட்டார் டைசன். குரலில் குற்றம் சாட்டுவது இல்லை. டாக்டர் கேட்கிற மாதிரி இருந்தது.

வெஸ்லி பெட்டியைப் பார்த்தான். மூடி திறந்த கேஸ் டப்பாவைப் பார்த்தான். ஒருமுறை, ஒரே ஒருமுறை, கார்லாவைப் பார்த்தான்.

"கணக்கு தப்பிடுச்சு" என்றான். "நீங்க வர நேரமாச்சேன்னு நான்தான் கேஸை ரெண்டாந்தரம் போட்டேன். தண்ணியைப் பாக்கல."

டைசன் குனிந்து அந்தக் கன்றிய செம்பைப் பார்த்தார். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"எனக்கு இருபத்திரண்டு வயசுல இதே வேலையை நிஜ பாய்லர்ல பண்ணினேன். யாரோ ஒரு பையனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு வாரம் படகு ஓடல. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் தண்ணிக் குழாயைப் பாக்காம நான் தும்மினதுகூட இல்ல. ஒருதரம் சுட்டுக்கிட்டவன்தான் எனக்கு வேணும். செவ்வாய்க்கிழமை வாங்க. அடுப்பைக் காட்டறேன்."

வெஸ்லியின் முகத்தில் வந்ததை கார்லா முன்பு பார்த்ததில்லை. இடுப்புக்குக் கீழே சேறு சொட்ட நின்றுகொண்டு அவன் தலையை ஆட்டினான்.

அங்கேயே அவள் சும்மா இருந்திருக்க வேண்டும்.

ஆனால் தான் செய்த தப்பை அண்ணன் தலையில் வாங்கிக்கொண்டு ஒரு எஞ்சினியரம்மா முன்னால் ஈரச் சட்டையோடு குனிந்து நிற்கிறான் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. அவள் ஒரு நாளும் பொய்க்குப் பின்னால் ஒளிந்ததில்லை. அது அவளுக்குப் பெருமை. ஆபீசிலும் சரி, வீட்டிலும் சரி, மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவள் என்று பேர் வாங்கியவள்.

"அவன் பண்ணல" என்றாள். "நான் பண்ணினேன். எதையும் தொடாதன்னு சொல்லிட்டுத்தான் போனான். நான்தான் கேஸ் போட்டேன்."

"கார்லா" என்றான் வெஸ்லி.

"என்ன கார்லா? உன்மேல எதுக்குப் பழி?"

டைசன் எழுந்து நின்றார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அப்படியா?" என்று வெஸ்லியைக் கேட்டார்.

அவன் மேல்தளத்தை எடுத்துக் கன்றிய பாய்லரை மூடினான். அதுவே பதில்.

"தண்ணி தீந்ததைப் பத்தி எனக்கொண்ணும் இல்ல, மிஸ்டர் காசன்" என்றார். "அதைக் கத்துக்கொடுக்கலாம். ஆனா நான் மேல எஞ்சின்ல நிப்பேன், கீழ அடுப்புக்கிட்ட நிக்கிற ஆளைத் தண்ணி எப்படி இருக்குன்னு கேப்பேன். அவர் சொல்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் என் தலைக்கு மேல அறுபது பேர் உக்காந்திருப்பாங்க. யாரைக் காப்பாத்தறதுக்குன்னாலும் அந்த வார்த்தை மாறக்கூடாது." கைகொடுத்தார். "படகு ரொம்ப அழகு. நிஜமாத்தான் சொல்றேன்."

பச்சை வேன் போனது. ஆர்னல்ட் பெல் ஒரு டவலைக் கொண்டுவந்து வெஸ்லியின் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

கார் பாதி வழி தாண்டியிருந்தது.

"உண்மையைத்தானே சொன்னேன்" என்றாள் கார்லா.

"ஆமா."

"நீ பொய் சொல்லியிருக்கக் கூடாது."

"ஆமா." அவன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். "அது என் பாய்லர். என் பொய். அதை எப்பச் சொல்லணும், யார்கிட்டச் சொல்லணும்னு நான் பாத்திருப்பேன். நீ என்னைக் கேட்டியா?"

அவள் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்துப் பின் சீட்டில் வைத்தாள்.

அடுத்த நாலு இரவும் அவள் தூங்கின மாதிரியே இல்லை. வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஏரிக்குப் போனாள். நிஜ ரோவெனா படகுத்துறையில் கிடந்தது. அவள் எண்ணியதைவிடச் சிறியது, அழகானது. முன்மூக்கை வெஸ்லி அச்சாகப் பிடித்திருந்தான்.

டைசன் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கார்லா சொல்லவந்ததையெல்லாம் சொன்னாள். பதினாறு வயதிலிருந்து அவன் உழைப்பது, தன்னைப் படிக்கவைத்தது, தன்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்பது. நன்றாகவே சொன்னாள். அவளுக்குப் பேச வரும்.

டைசன் முழுதும் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை நான் அவரை எதிர்பாத்தேன்" என்றார். "வர வேண்டாம்னு நான் சொல்லலையே. நேத்தும் பாத்தேன். வந்து, 'நான் பொய் சொன்னேன், இனிமே சொல்லமாட்டேன்'னு நேருக்கு நேர் ஒருதரம் சொல்லியிருந்தா எனக்குப் போதும். அந்த வேலையை இன்னும் யாருக்கும் கொடுக்கல."

"அப்ப..."

"ஆனா வந்தது நீங்க." கந்தலை மடித்துப் பைக்குள் வைத்தார். "அன்னைக்கு அவரோட அடுப்பைத் தொட்டதும் நீங்க, அவரோட பதிலைச் சொன்னதும் நீங்க. இன்னைக்கும் நீங்கதான். எனக்கு அவரைப் பத்தி என்னம்மா தெரியும்?"

பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். அவர் போய்விட்டார்.

கார்லாவின் போன் அடித்தது. வெஸ்லி.

"வேலையில இருக்கியா?" என்றான். அந்த வாரத்தில் முதன்முறையாக அவன் குரலில் உயிர் இருந்தது. "ஒண்ணு சொல்லணும், கத்தாத. சனிக்கிழமை நானே போய் அந்தம்மாவைப் பாக்கலாம்னு இருக்கேன். நாலு நாளா மனசுக்குள்ள பேசிப் பாத்துக்கிட்டே இருக்கேன். வேலை கிடைக்கலைன்னாலும் பரவால்ல, சொல்லிட்டு வந்துடறேன். என்ன நினைக்கிற?"

அவள் வாயைத் திறந்தாள். முதல்முறையாக, எதைச் சொல்வது என்று யோசித்தாள்.

"கார்லா? எங்க இருக்க?"

அவள் முதுகுக்குப் பின்னால் ரோவெனா புறப்படுவதற்கு விசில் ஊதியது. நீளமாக, கொஞ்சம் கரகரத்து, மலைகளில் பட்டுத் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தை உலகத்தில் எங்கே கேட்டாலும் தெரிந்துகொள்கிறவன் போனின் மறுமுனையில் இருந்தான்.

அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. போனையும் வைக்கவில்லை.