வடக்கு எல்லைக்காரி

வெள்ளத்தின் மூன்றாம் நாள் அரசாங்கம் என் நிலத்தை எடுத்துக்கொண்டு போனது. ஒன்றரை ஏக்கர், நஞ்சை. கொள்ளிடத்தின் தென்கரையில் உடைப்பு எடுத்திருந்தது. அடைக்க மணல் மூட்டை போதவில்லை. பதினோரு ஊர் தண்ணீரில் போகவிருந்தது. ‘அவசரம்’ என்று எழுதிய காகிதத்தை என் வரப்பில் ஒட்டினார்கள். நிலம் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றது.

முப்பது வருஷமாக உழுகிற நிலம். அது இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. படுத்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன். எழுந்தபோது பக்கத்துத் தென்னைகள் அதன் முழங்காலுக்குத்தான் வந்தன. நட்டு ஐம்பது நாளான பயிர் அதன் மேல் அப்படியே இருந்தது. தெரு வழியாக நடந்தது. மின்கம்பி வந்த இடத்தில் குனிந்தது. உடைப்பில் போய்க் குறுக்கே படுத்தது. தண்ணீர் நின்றுவிட்டது.

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊர் முழுக்க என்னையே பார்த்தது.

நிலத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த விஷயத்தில் நாணயமானவர்கள். தொந்தரவு மறுநாள் ஆரம்பித்தது. கிழக்கே சம்மனசுவின் வயல். மேற்கே கலியன் வயல். நடுவில் நிலம் இல்லாததால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்க ஆரம்பித்தன. சம்மனசுவின் வயல் ஒரே இரவில் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் வீடு தினம் ஒரு சாண் குறுகியது.

சம்மனசுவைக் கேட்டேன். வயல் போகிற போக்குக்கு நான் என்ன செய்ய என்றார். கலியன் அதைக்கூடச் சொல்லவில்லை.

வீட்டின் அகலம் பதினாறு சாண். என் மனைவி பவுனு தினம் காலையில் கையால் அளப்பாள். வீட்டில் ஆள் இருந்தால்தான் நாளைக்கு ஒரு சாண். ஆள் இல்லாவிட்டால் ஒரே மூச்சில் மூடிக்கொள்ளும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் பவுனு வெளியே வரவில்லை. நான் இழப்பீடு கேட்கப் போனேன். எனக்குப் பணம் வேண்டாம். நிலம் கிடந்த இடத்தில் மிச்சமிருக்கிற வீடு மட்டும் மூடாமல் இருக்க வேண்டும். பவுனு அதற்குள் இருந்தாள்.

தாலுகா அலுவலகத்தின் தாழ்வாரம் மனுவின் அவசரத்துக்குத் தகுந்தபடி நீளும். முதல் நாள் ஓடினேன். மறுகோடி தெரியவில்லை. இரண்டாம் நாள் இன்னும் வேகமாக ஓடினேன். புறப்பட்ட இடமும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிளாஸ் டீயை வாங்கிக்கொண்டு, வேலை வெட்டி இல்லாதவன் மாதிரி ஊதிக் குடித்தபடி நடந்தேன். ஆறாவது வாய் குடிப்பதற்குள் மேஜை வந்துவிட்டது.

மேஜையில் எழுத்தர் ஃப்ளாரன்ஸ் இருந்தார். அவருக்குப் பின்னால் அதிகாரியின் நாற்காலி. அதிகாரி கேம்ப் போயிருந்தார். எட்டு வருஷமாகக் கேம்ப்தான். நாற்காலியின் முதுகில் போட்ட வெள்ளைத் துண்டு பொறுப்பு வகித்தது. சுமாரான அதிகாரி என்று சொல்ல முடியாது. நன்றாகத் துவைத்திருந்தார்கள்.

ஃப்ளாரன்ஸ் என் மனுவைத் துண்டிடம் காட்டினார். துண்டு கொஞ்சம் அசைந்தது. மின்விசிறி ஓடவில்லை.

“நிலம் இப்ப எங்க கிடக்கோ, அந்த எடத்துக்கு நாலு எல்லைக்காரங்களும் இது உங்களுதுன்னு கையெழுத்துப் போடணும் ஐயா,” என்றார் ஃப்ளாரன்ஸ். “அப்பதான் பழைய எடத்தை மூடக் கூடாதுன்னு ஆர்டர் போட முடியும்.”

நியாயமாகத்தான் பட்டது. நிலம் இப்போது கரையில் கிடக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் அரசாங்கத்தின் கரை. அந்த இரண்டு கையெழுத்தையும் துண்டே போட்டது. தெற்கே பதினோரு ஊர். அது உங்கள் பாடு என்றார் ஃப்ளாரன்ஸ். வடக்கே யார் என்று கேட்டார். ஆறு என்றேன். அதை எழுதிக்கொண்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அப்ப அவங்ககிட்டயும் வாங்கிருங்க.”

பதினோரு ஊரிலும் கையெழுத்து வாங்க ஏழு நாள் ஆனது. ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவர் முதுகில் ஒருவர் காகிதத்தை வைத்துப் போட்டார்கள். கைக்குழந்தைகளும் பெருவிரலை நீட்டின. ஓர் ஊரில் எனக்கு மோர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிறவரை எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் நிலத்துக்குத்தான் அந்த மரியாதை. மோரை நான் குடித்தேன்.

கையெழுத்தெல்லாம் முடிந்த அன்றைக்கு வீடு மூன்று சாண். பவுனு நடுவில் நின்றால் இரண்டு முழங்கையும் சுவரில் பட்டன. கட்டிலை நான் முன்னமே வெளியே எடுத்திருந்தேன். அவள் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தாள். போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அவள் என்னைத் திட்டவில்லை. அதனால் எனக்குப் பயம் வந்தது.

கரைக்குப் போனேன். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினேன். என் நிலம் மூச்சுப் பிடித்துப் படுத்திருந்தது. பயிர் பக்கவாட்டில் வளர்ந்து பால் பிடித்திருந்தது. உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பதினோரு ஊர் போய்விடும் என்று அதற்குத் தெரியும்.

அதற்கு அந்தப் பக்கம் ஆறு நின்றது. ஓடவில்லை, நின்றது. இரண்டு பனை உயரம். அடுத்த கரை இல்லை. வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த வடக்கு எல்லைக்காரிக்குக் கேட்டது. காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“தம்பி, உன் வரப்பு எம் பக்கம் நாப்பது அடி உள்ள வந்திருக்கு,” என்றாள்.

எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. இந்தத் தொனி எனக்குத் தெரியும். ஒரு சாண் வரப்புக்காகக் கலியன் என்னிடம் இருபது வருஷமாக இதே தொனியில்தான் பேசுகிறார். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்கு அத்துப்படி. யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

“கல்லைப் பாத்துக்குவோம்மா.”

எல்லைத் தகராறு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது அதுதான். சர்வே கல் எங்கே நட்டிருக்கிறதோ அதுவரைக்கும் அவரவருக்கு. ஆற்றிடம் அதைச் சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவள் சரி என்றாள். மணலைக் கொஞ்சம் விலக்கினாள். கரைக்கு அடியில் ஒரு கல் தெரிந்தது. அவள் கல். அதற்குத் தெற்கே பள்ளிக்கூடத்து மைதானத்தில் இன்னொன்று மேலே வந்தது. நெல் களத்தில் ஒன்று. கோயில் குளத்துக்கு நடுவில் ஒன்று. எங்கள் வீட்டு அடுப்புக்குப் பின்னால் ஒன்று. வரிசையாக எழும்பிக்கொண்டே போயின. ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேய்த்த வழவழப்பு. கடைசிக் கல் எங்கள் ஊரைத் தாண்டி ஆறு மைல் தெற்கே, பெரிய சாலைக்கு அப்பால் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு ஊரும், சாலையும், அலுவலகமும், துண்டும், சம்மனசுவும், கலியனும், கலியனின் ஒரு சாணும் எல்லாம் அவள் படுத்த இடம். ஒரு காலத்தில் படுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வடக்கே தள்ளிப் படுத்திருக்கிறாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஊர் கட்டிவிட்டோம்.

நான் கும்பிட்டேன்.

அவள் காத்திருந்தாள். கல்லைப் பார்க்கலாம் என்றது நான்தான். எங்கள் ஊரில் மண் யாருடையது என்பதில் தோற்றுவிட்டால் பேசுவதற்கு மிச்சமிருப்பது பாதை மட்டும். அவளுக்குத் தர என் கையில் வேறு நிலமும் இல்லை.

“எடமெல்லாம் உங்களுதுதாம்மா. நாங்க இருந்துக்கறோம். நீங்க நடக்க வழி விட்டுடறோம்,” என்றேன்.

எவ்வளவு அகலம் என்று கேட்டாள்.

“மூணு சாண். எங்க வீட்டு வழியா.”

கேட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெகு நேரம் யோசித்தாள். எனக்குத் தெரிந்து அவளுக்கு யாரும் வழி என்று ஒன்றை எழுதிக் கொடுத்ததில்லை. வடக்கு எல்லை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரு கோடு. காகிதம் நனையவில்லை. கோடு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஓடுகிறது.

அன்று தாழ்வாரம் நாலே எட்டுதான். என் கையில் அந்தக் காகிதம் இருந்தது. ஃப்ளாரன்ஸ் எழுந்து நின்று வாங்கினார். துண்டு நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டது. வழி நடக்கும் உரிமை உள்ள இடத்தை அக்கம்பக்கத்து வயல்கள் மூடக் கூடாது என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் உத்தரவைச் சம்மனசுவின் வயலுக்கும் கலியன் வயலுக்கும் படித்துக் காட்டினேன். இரண்டும் அந்த இடத்திலேயே நின்றன.

பவுனுவிடம் விஷயத்தைச் சொன்னேன். சுவருக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். தோளைச் சுவரில் உரசிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

“எத்தனை மணிக்கு வரும்?”

மறுநாள் காலையில் அவள் அந்த மூன்று சாண் வீட்டைப் பெருக்கினாள். வாசல் தெளித்தாள். ஆறு வருகிற வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பது அதிகப்படி என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டு, இருவரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றோம்.

எட்டு மணிக்கு, கரையில் படுத்திருந்த என் நிலத்தைத் தாண்டி, தெரு நனையாமல் வந்தாள். முழுக் கொள்ளிடமும் வந்தது. வாசலில் நின்று, உடம்பைச் சுருக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்தாள். எங்கள் காலுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் போனாள். மீன்கள் போயின. முதலை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு போனது. வேரோடு வந்த மருத மரங்கள் கிளைகளை மடக்கிக்கொண்டு போயின. மலையில் பெய்த மழை போனது. அங்கே இடித்த இடியும் சத்தமில்லாமல் போனது. சுவரில் ஒரு சொட்டுப் படவில்லை. அடுப்புச் சாம்பல்கூட நனையவில்லை. பவுனு என் கையைப் பிடித்திருந்தாள். அவள் வாய் திறந்தே இருந்தது. என் வாயும் அப்படித்தான் இருந்திருக்கும். சாயங்காலம் நாலரை மணிவரை போனாள்.

கடைசித் தண்ணீர் பின்வாசலைத் தாண்டுகிற இடத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

“போயிட்டு வர்றேன்,” என்றாள்.

பவுனு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் போனாள். ஊருக்குப் புறப்படுகிற உறவுக்காரியை வழியனுப்புகிற முகம். ஆனால் குரல் மட்டும் நடுங்கியது.

“மெதுவா வாம்மா,” என்றாள்.