எட்டு கேட்டார், நாலுக்கு முடித்தேன்

ஜானிஸ் மிஸ் எட்டு சனிக்கிழமை கேட்டார். நான் நாலுக்கு முடித்தேன்.

மலேசியாவின் கூலிம் ஊரில் துணிக்கடை வைத்திருப்பவன் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டு வந்தால் கடைத்தெருவில் மரியாதை இருக்காது. எங்கள் குடும்பத்தில் குழந்தை முதலில் சொல்வது ‘அம்மா’, அடுத்தது ‘கொறச்சுக்குங்க’. அதனால் அவர், “எட்டு வாரம் வரணும் அங்கிள்” என்றதும் என் வாய் தானாக, “ரெண்டு போதும் மிஸ்” என்றது. ஆறு என்றார். நான் எழுந்து வாசல்வரை போனேன். அவர் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்து நாலு என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

காரில் ஏறிய பிறகு என் மனைவி யோகேஸ்வரி கேட்டாள். “சும்மா செஞ்சு குடுக்கிறாங்க. அதுக்கு எதுக்குங்க பேரம்?”

சாவியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினேன். சாவி ஏற்கெனவே வண்டியில் இருந்தது.

பின்சீட்டில் எங்கள் மகள் காஞ்சனா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. தீபாவளிக்கு முந்தின வாரம் டியூஷன் முடிந்து தோழி ஷீலாவின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். மழையில் லாரி. ஷீலா அங்கேயே போய்விட்டாள். காஞ்சனாவுக்குக் கை முறிந்தது. கை கூடிவிட்டது. பேச்சுதான் திரும்பவில்லை. மூன்று மாதமாக ஒரு சொல் இல்லை. தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஜானிஸ் மிஸ் நாயை வைத்துச் செய்யும் இந்த வைத்தியமும் பலிக்காவிட்டால் பினாங்குக்குக் கொண்டுபோய் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார். நன்றாகப் படிக்கிற பிள்ளை. மாத்திரை தின்றுவிட்டு மத்தியானம் வரை தூங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நாயின் பெயர் கோப்பி. குருண் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த சாதா நாய்தான். ஜானிஸ் எடுத்து வளர்த்து, ஒரு வருடம் பழக்கி, பரீட்சையெல்லாம் வைத்துத் தேறவைத்திருந்தார். முதுகில் பச்சை மேலங்கி. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. நான் சம்பளம் கொடுக்கிற ஆட்களில் ஒருவனும் அப்படி நேரத்துக்கு வந்ததில்லை.

முதல் சனிக்கிழமை ஜானிஸ் காஞ்சனாவிடம் கேட்டார். “ராத்திரி தூக்கம் எப்படிமா?”

“நல்லா தூங்குறா மிஸ்” என்றேன்.

“சாப்பாடு?”

“சாப்பிடுறா. மீன் மட்டும் வேணாங்கிறா.”

“யார் வேணாங்கிறா? அவதான் பேசுறதே இல்லயே” என்றாள் யோகேஸ்வரி.

ஜானிஸ் நாயின் கயிற்றை என் கையில் கொடுத்தார். “அங்கிள், கோப்பிக்குக் கொஞ்சம் நடக்கணும். ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வாங்க.”

கடைத்தெருவில் ஒரு சுற்று. மசாலாக் கடைக் காளிதாசன் வாசலுக்கே வந்துவிட்டான். “என்ன புவனேசண்ணே, துணி ஓடலயா? நாய் யாவாரத்துல எறங்கிட்டீங்க?”

“ஒனக்கு ஒண்ணு வேணுமா? ஒன் மசாலாவ மோந்து பாத்து மரத்தூள் எவ்வளவுன்னு சொல்லும்.”

திரும்பி வந்ததும் ஜானிஸ் தாழ்ந்த குரலில் சொன்னார். “அவளுக்குப் பதிலா நீங்க பேசுற ஒவ்வொரு தடவையும் கோப்பி வெளிய போகும்லா. கோப்பி போயிட்டா இங்க அவளுக்குன்னு யாருமில்ல.”

இரண்டாம் வாரம் வாயைக் கட்டிக்கொண்டேன். வாய் நின்றது, கால் ஆட ஆரம்பித்தது. கடைப் பையனுக்கு மூன்று தடவை போன் செய்ய எழுந்தேன். காஞ்சனா நாயின் கழுத்து மயிரில் விரல்களை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். சொல் வரவில்லை. மூன்றாம் வாரமும் அதேதான். போகும்போது ஜானிஸைத் தனியாகப் பிடித்தேன்.

“மிஸ், நாய எங்களுக்கே குடுத்துடுங்க. என்ன வேணும்னு சொல்லுங்க.”

“வீட்டுக்குப் போனா அது செருப்பு கடிக்கிற நாய்தான் அங்கிள். இந்த ரூம்லதான் அதுக்கு வேல.”

“அப்ப அந்த மிச்ச நாலு வாரம்?”

“நீங்க வேணாம்னீங்க. பண்டார் பாரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டேன்.”

அந்த வாரம் முழுக்க எனக்கு வியாபாரம் ஓடவில்லை. நீல வேட்டி கேட்டவருக்குப் பச்சைச் சேலையை விரித்துக் காட்டினேன். என் பிள்ளையின் வாயைத் திறக்கிற வேலையில் நானே பாதியைக் கழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

நாலாவது சனிக்கிழமை. கடைசி.

“இன்னிக்கு காஞ்சனாவ யாரும் எதுவும் கேக்கப் போறதில்ல” என்றார் ஜானிஸ். “ஆக்சிடெண்ட் ஆன அந்த நாள்ல நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஆளுக்கு ஒண்ணு கோப்பிகிட்ட சொல்லுங்க. அது யார்கிட்டயும் போய்ச் சொல்லாது.”

நாயைக் காஞ்சனா தடவிக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி தரையில் உட்கார்ந்து, முறுக்கு சுட்டுக்கொண்டிருந்ததையும் எண்ணெய் அடுப்பிலேயே கருகிப்போனதையும் சொல்லி அழுதாள். பிறகு என் முறை. மூன்று மாதமாக ஆஸ்பத்திரியில், சாவு வீட்டில், கடையில் என்று எல்லா இடத்திலும் சொல்லிப் பழகியதையே சொன்னேன்.

“கடையில கூட்டம். போன் சைலண்ட்ல இருந்துச்சு. இவ கூப்பிட்டது எனக்குத் தெரியாது.”

காஞ்சனாவின் கை நின்றது.

முப்பது வருடமாக வாடிக்கையாளர்களின் கையைப் பார்த்தே பிழைக்கிறேன். துணி மேல் ஓடுகிற கை ஒரு இடத்தில் நின்றால், அங்கே இழை விட்டிருக்கிறது என்று அர்த்தம். இனி என்ன பேசினாலும் அந்தத் துணி போகாது. கோப்பி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

நான் எழுந்தேன். சன்னல்வரை போனேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தேன்.

“சைலண்ட்ல இல்ல” என்றேன்.

யோகேஸ்வரி முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள்.

“எடுத்துப் பேசுனேன். மழை வருது, வந்து கூட்டிட்டுப் போங்கப்பான்னா. பத்துப் பேர் சேலைய விரிச்சுப் போட்டு நிக்கிறாங்க, ஷீலாவோட மோட்டார்ல வந்துடுன்னு சொன்னேன். மறுபடியும் ஒரு தடவ அடிச்சா. நான் எடுக்கல.”

“ரெண்டு தடவ.”

பூட்டி வைத்த பெட்டியைத் திறந்ததுபோல் இருந்தது அந்தக் குரல். யோகேஸ்வரி எழப் போனாள். ஜானிஸ் கையால் தடுத்தார்.

“ரெண்டு தடவ அடிச்சேன். ரெண்டு தடவயும் நீங்க கட் பண்ணீங்க” என்றாள் காஞ்சனா, நாயைப் பார்த்தபடியே. “மழை விட்டதும் போலாம், இல்லேன்னா ஒங்கப்பா வருவாருன்னு ஷீலா சொன்னா. அவரு வரமாட்டாரு, வா போலாம்னு நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்கிறப்ப நீங்க அவங்கம்மாகிட்ட சொல்லிட்டிருக்கீங்க. ஷீலாதான் அடம்புடிச்சு இவள ஏத்திக்கிட்டுப் போயிருக்கான்னு.”

“காஞ்சனா…”

“நான் வாயத் தொறந்தா நீங்க சொன்னது பொய்யாயிடும். தொறக்காட்டி அவ கெட்டவளாயிடுவா. நான் என்னப்பா பேசுறது?”

யோகேஸ்வரி நகர்ந்து போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நேரம் முடிந்தது. ஜானிஸ் பச்சை மேலங்கியைக் கழற்றினார். கோப்பி உடம்பை உதறிக்கொண்டு போய் விசிறிக்குக் கீழே படுத்தது. காஞ்சனா பேச்சை நிறுத்தவில்லை.

“ஷீலா அம்மாகிட்ட சொல்லணும்.”

“சொல்றேன்மா. அவங்க மனசு கொஞ்சம் ஆறட்டும், ஒரு மாசம்…”

“இப்ப.”

“அடுத்த வாரம்…”

“இப்பப்பா.”

யோகேஸ்வரி என் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தாள். வண்டியை அவளே ஓட்டினாள். பெல்ட்டை மாட்டினேன், கழற்றினேன், மறுபடியும் மாட்டினேன். பத்து நிமிடத் தூரத்துக்கு வழியில் ஒரு சிவப்பு விளக்குகூட விழவில்லை.

எஸ்டேட்டை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் கடைசி வீடு. ஷீலாவின் அம்மா பிரேமாவதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

“வாங்கண்ணே. என்ன திடீர்னு? காஞ்சனா, வாம்மா. உள்ள வாங்க, குடிக்கத் தண்ணி கலக்குறேன்.”

“இல்லக்கா, நின்னுக்கிட்டே சொல்லிடுறேன்.”

காஞ்சனா வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் வார்த்தை தேடும்போது எப்போதும் அவளுக்குப் பதிலாக நான் பேசுவேன். இந்தத் தடவை அவள் எனக்காகப் பேசவில்லை. காத்திருந்தாள்.

“ஷீலா அடம்புடிக்கலக்கா” என்றேன்.