போட்டி முடியும்வரை கடிதம் இல்லை

துடுப்புப் படகுக் குழுவில் அந்தச் சட்டத்தைப் போட்டவளே சவேத்தாதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, காதலன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று கடிதம் வந்து, குழுவிலிருந்த மியோரா அழுத அழுகையில் பந்தயத்தின் நடுவில் துடுப்பைத் தவறவிட்டாள். கைக்கு வந்த தங்கம் போயிற்று. ஸ்னாகோவ் ஏரிப் பயிற்சி முகாமுக்குத் திரும்பியதும் சவேத்தா சாப்பாட்டு மேசையில் ஓங்கி அடித்தாள்.

"இனிமே போட்டி முடியறவரைக்கும் எவளுக்கும் கடுதாசி கிடையாது. எங்கம்மா செத்தாக்கூட எங்கிட்ட வந்து சொல்லாதீங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று உலகத் தங்கம் வாங்கியாயிற்று, முதுகெலும்பும் தேய்ந்தாயிற்று. இதுதான் கடைசிப் போட்டி. ஊரில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பதக்கத்தோடு நேரே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், அப்புறம் எங்கும் நகரக் கூடாது. அதற்குமேல் சவேத்தா எதற்கும் ஆசைப்படவில்லை.

எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில் எட்டுப் பேருக்கும் எல்லைக்கோடு முதுகுப் பக்கம். முன்னால் பார்க்கிறவள் சுக்கான் பிடிக்கும் நோரிக்கா ஒருத்திதான். அவளுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்காத குறையாக சவேத்தா உட்காருவாள். ஒன்பது வருடமாகப் பந்தயத்தில் அவள் பார்த்தது அந்த ஒரு முகத்தைத்தான்.

வெளிநாட்டு ஏரியில் நடந்த அந்த இறுதிப் பந்தயத்தின் கடைசி முந்நூறு மீட்டரில் ஜெர்மன்காரிகள் முந்தினார்கள். சவேத்தாவின் முதுகு விண்விண் என்று தெறித்தது. முடியாது, விட்டுவிடலாம் என்றே நினைத்துவிட்டாள்.

"அக்கா! அம்மா டிவியில பாத்துக்கிட்டிருக்காங்க! அம்மாவுக்காக இழுக்கா!"

கத்திய நோரிக்காவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஜெயிக்கப்போகிறோம், அதுதான் அழுகிறாள் என்று எண்ணி சவேத்தா உயிரைக் கொடுத்து இழுத்தாள். ஜெயித்தார்கள்.

வழக்கப்படி எல்லோருமாக நோரிக்காவைத் தூக்கி ஏரியில் போட்டார்கள். முதலில் காலைப் பிடித்துத் தூக்கியவள் சவேத்தாதான்.

உடை மாற்றும் அறையில் நோரிக்கா சொட்டச் சொட்ட வந்து, காலுறைக்குள்ளிருந்து நனைந்த இரண்டு தந்திகளை எடுத்து நீட்டினாள்.

'அம்மா உன்னையே கேட்கிறாள். உடனே வா.' அது வந்து பன்னிரண்டு நாள். அன்றைக்கு ஸ்னாகோவில்தான் இருந்தார்கள். ஊர் ஒரு ராத்திரி ரயில் தூரம். அடுத்தது நாலு நாளுக்கு முந்தையது. 'அம்மா காலமானாள். வெள்ளி அடக்கம்.'

இன்று ஞாயிறு.

"கோச் குடுத்துடலாம்னுதான் சொன்னாருக்கா. நான்தான்... நீ போட்ட சட்டம்னு சொல்லித் தடுத்தேன். என்னை அடிச்சுடுக்கா."

அடிக்கக் கை எழவில்லை. வேறு யாருக்குத் தந்தி வந்திருந்தாலும் சவேத்தாவே அதை ஒளித்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்திருந்ததுதான் கொடுமை.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நோரிக்காவை இழுத்து எதிரே உட்காரவைத்தாள், முழங்காலோடு முழங்கால் இடிக்க.

"இன்னொரு தடவ சொல்லுடீ."

"என்னக்கா?"

"அம்மா பாத்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லு. அப்ப சொன்னியே, அதே மாதிரி சொல்லு."

ஏரி முழுக்கக் கேட்கிற குரல் நோரிக்காவுக்கு. அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.