பூட்டி வைத்த பதிவுகள்

கேலம் ரட்ஜ் சொன்ன எண்ணை ரியானன் முதலில் நம்பவே இல்லை. இரைச்சலில் புதைந்த ரேடியோ சிக்னல் பேச்சா, டேட்டாவா, எந்த வகை என்று கண்டுபிடிக்கும் அவர்களுடைய கணினி மாடல், சிக்னலைப்போல் பத்து மடங்கு இரைச்சலிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றைச் சரியாகச் சொல்லிவிட்டதாம். அடிலெய்டு நகரில் அவர்களுடைய ஆய்வுக்கூடமே ஐஸ் காபி வாங்கிக் கொண்டாடியது. திங்கட்கிழமை கடல் மீட்புக் குழுவின் படகில் அதைப் பொருத்தப் போகிறார்கள். தத்தளிப்பவர்களின் மெலிந்த அழைப்பை அது பிரித்துக் காட்டும் என்ற உறுதிக் கடிதத்தில் இருப்பது ரியானனின் கையெழுத்து.

சோதனைப் பதிவுகளும் அவளுடையவை. ஸ்பென்சர் வளைகுடாக் கரையில் மூன்று வாரம் வெயிலில் வெந்து, ஈக்களைத் திட்டிக்கொண்டே எடுத்தவை. மாடல் படிக்கும் பதிவுகள் வேறு, அதற்குப் பரீட்சை வைக்கும் பதிவுகள் வேறு. வினாத்தாளை முன்பே காட்டிவிட்டால் அது என்ன பரீட்சை? அதனால் கணினியில் பூட்டி வைத்திருந்தாள். குடல்வால் அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் படுத்த வாரம் மட்டும் கடவுச்சொல்லை கேலமிடம் கொடுத்தாள். ஒன்பது வருடம் பக்கத்து மேசைக்காரன். அவனை நம்பாமல் யாரை நம்புவது?

வெள்ளிக்கிழமை மதியம் பதிவுகளைக் கடைசியாகச் சரிபார்த்தபோது தன் தவறு ஒன்று கண்ணில் பட்டது. கரையில் கடைசி நாள் களைப்பில், நாற்பது பேச்சு சிக்னல்களுக்கு டேட்டா என்று வகை எழுதியிருந்தாள். மாடல் அவற்றைப் பேச்சு என்றுதான் சொல்லியிருக்கும், திருத்தினால் எண் இன்னும் ஏறும் என்று ஆசையோடு பார்த்தாள்.

நாற்பதுக்கும் டேட்டா என்றே சொல்லியிருந்தது. மற்ற பேச்சு சிக்னல்களையெல்லாம் பேச்சு என்று சொன்ன அதே மாடல். அவள் கைப்பிழை அதற்கு எப்படித் தெரியும்? விடைத்தாளைப் பார்த்து எழுதினால்தான் தெரியும்.

நேரே கேலமின் மேசைக்குப் போனாள்.

"பூட்டினத மாடலுக்குப் படிக்கக் குடுத்தியா?"

இறைச்சிப் பலகாரத்தின் மேல் தக்காளி சாஸைப் பிழிந்துகொண்டிருந்த கேலம் மறுக்கக்கூட இல்லை. நூற்றுக்கு எழுபதில் நின்றிருந்தால் எவன் படகு தருவான், ஏறிய பிறகு மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம் என்றான்.

"அங்க ஒருத்தன் முங்கிட்டிருப்பான் கேலம். நீ இங்க சரிபண்ணிட்டிருப்பியா?"

"மெதுவாப் பேசு ரீ. பூட்டத் தொறந்தது யாருன்னு கம்ப்யூட்டர்ல போய்ப் பாரு. உன் பேர்தான் இருக்கு."

ஆஸ்பத்திரியில் இருந்தேனே என்றாள். அவன் சாஸ் பட்ட விரலை நக்கினான்.

"லேப்டாப் உன் கட்டில்லதான இருந்துச்சு."

அந்த லேப்டாப்பைக் கொண்டு வந்து கொடுத்ததே அவன்தான். பொழுது போகட்டும் என்று அவன் சொன்னபோது, இப்படியும் ஒரு நண்பனா என்று கண் கலங்கியிருந்தாள். இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

திரும்பி வந்து மீட்புக் குழுவுக்கு எழுதினாள். மாடலுக்கு விடைகள் முன்பே காட்டப்பட்டுவிட்டன, என் உறுதியைத் திரும்பப் பெறுகிறேன், பதிவுகள் திறக்கப்பட்டது என் பெயரில். கேலமின் பெயரையும் எழுதிப் பார்த்தாள். ஆதாரம் ஒன்றும் இல்லை. அழித்துவிட்டு அனுப்பினாள்.

கேலம் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தான்.

"என் பேரப் போடல," என்றான். "தேங்க்ஸ் ரீ."

மனதாரத்தான் சொன்னான்.