டீச்சரைப் பெட்டியில் போட்ட கதை

1

இந்தக் கதையைப் பெற்றது சும்மா இருக்கத் தெரியாத ஒரு கை. அந்தக் கையின் சொந்தக்காரரை இனி 'மாமா' என்று குறிப்பிடுவேன். வேறு யாருமில்லை, இதை எழுதிக்கொண்டிருக்கும் நான்தான். 'நான்' என்று போட்டும் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். மாமா என்றால் நாலு வார்த்தை திட்டலாம்.

நடந்தது இதுதான். நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் சிறப்பு வகுப்பில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமா டீச்சரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

(டீச்சரை என்றால் டீச்சரின் போட்டோவை. அந்த வகுப்பில் இரண்டும் ஒன்றுதான். இது எல்லோருக்கும் தெரியும், மாமாவைத் தவிர.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

'சின்னஞ்சிறு மொட்டுகளைப் போன்ற அந்தக் குழந்தைகள் –'

அடித்துவிட்டேன். மொட்டாவது மலராவது. அந்த வகுப்பில் படிக்கும் என் தங்கை மகளுக்கு ஒன்பது வயது. பல் விளக்க மாட்டேன் என்று குளியலறைக் கதவைப் பிடித்துத் தொங்குகிறவள்.

'தனக்கென்று ஒரு தனி உலகத்தில் வாழும் அவள் –'

இதையும் அடித்தேன். அவளும் நம்முடைய உலகத்தில்தான் இருக்கிறாள். நாம்தான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை இடம் மாற்றி மாற்றி வைக்கிறோம்.

வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் எல்லா ஸ்விட்சையும் ஒருமுறை போட்டு, அணைத்து, திருப்தியில்லாத முகத்தோடு வெளியே வருவாள். பேச்சு குறைவு. கேட்பது, மறுப்பது எல்லாமே படங்களை எடுத்துக் காட்டித்தான்.

3

வகுப்பறையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாற்காலிக் கால்கள் தரையில் உரசாமலிருக்க டென்னிஸ் பந்து மாட்டியிருப்பார்கள். மணிக்குத் துணி சுற்றியிருக்கும். மற்ற வகுப்புகளில் விடுமுறைக் கொண்டாட்டத்துக்கு ஒரே நாளில் காகிதத் தோரணம் தொங்கிவிட்டது. இங்கே டீச்சர் நாளுக்கு ஒரு துண்டாக ஒட்டினார். ஒரே நாளில் ஒட்டினால் பிள்ளைகளுக்கு அது வேறு சுவர்.

அந்தச் சுவரில் ஒரு பலகை. அன்றைக்கு நடக்கப்போவதெல்லாம் படங்களாக வரிசையில் ஒட்டியிருக்கும்: பாட்டு, எழுத்து, சாப்பாடு, வண்டி. ஒவ்வொன்றும் முடிந்ததும் பிள்ளையே படத்தைப் பிய்த்து 'முடிஞ்சது' பெட்டியில் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். பிறகு அழுதாலும் புரண்டாலும் அதன் பேச்சே கிடையாது.

ஆட்களை அந்தப் பெட்டியில் போடுவதில்லை. ஆட்களுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு துணிப்பை: 'திரும்பி வருவாங்க'. வாரக் கடைசியில் டீச்சரின் போட்டோ பைக்குள் போகும். வாரம் தொடங்கினால் பலகைக்கு வரும். போன விடுமுறையில், இனி யாருமே வரமாட்டார்கள் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் தன் கையைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாள். அதற்காகத் தைத்த பை அது. அதை அவளுக்குப் புரியவைக்க டீச்சருக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

4

எழுத்தாளர் ஆயிற்றே என்று மாமாவைக் கதை சொல்ல அழைத்திருந்தார்கள். கதை எடுபடவில்லை.*

(* ஒரு பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். இவ்வளவு நேர்மையான விமர்சகர் மாமாவுக்கு அதுவரை வாய்த்ததில்லை.)

கடைசியில் டீச்சர் சொன்னார்: "இப்ப இன்ஸ்பெக்டர் மேடம் வந்து டீச்சர் போட்டோவை எடுப்பாங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்து வர நேரமாகும். அது எல்லோருக்கும் தெரிந்த நேரம். மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கதையில் விட்டதை இதில் பிடித்துவிடலாம் என்று துள்ளி எழுந்தார்.

"லீவு விட்டாச்சு! டீச்சர் முடிஞ்சாச்சு! டாட்டா!"

போட்டோவைப் பிய்த்தார். மந்திரவாதி மாதிரி கையை ஒரு சுழற்று சுழற்றினார். பெட்டிக்குள் போட்டார்.

பின்னால் நின்ற அம்மாக்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். வகுப்புக்கு உதவியாக இருக்கும் அக்கா சிரிக்கவில்லை. "சார்... அது இல்ல சார். பை... பையில..."

டீச்சர் பெட்டியின் மூடிக்குக் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பெட்டி திறக்கும் என்று பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் அந்த வகுப்பில் எதுவுமே முடியாது. திறக்காவிட்டால் டீச்சர் முடிந்தார்.

திறக்கவில்லை. மேசையிலிருந்து தன்னுடைய இன்னொரு போட்டோவைத் தேடியெடுத்து, எல்லோரும் பார்க்கப் பைக்குள் போட்டார். இன்ஸ்பெக்டர் பையைப் பார்க்கவில்லை; பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்தது. டீச்சர் குனிந்து, "போயிட்டு வாங்க மேடம்" என்று கையை நீட்டினார். வழியில் நாற்காலி கிடந்தால் எப்படிச் சுற்றிக்கொண்டு போவாளோ, அப்படிச் சுற்றிக்கொண்டு போனாள்.

"பரவாயில்லைங்க சார்" என்றார் டீச்சர். மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

5

தங்கை வீட்டிலும் அதே பலகை, அதே பெட்டி, அதே பை. விடுமுறை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை இன்ஸ்பெக்டர் பலகைக்குப் போனாள். அம்மாவின் போட்டோவைப் பிய்த்தாள். கையை ஒரு சுழற்று சுழற்றினாள். பெட்டிக்குள் போட்டாள்.

அந்தச் சுழற்றை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஒரு பையைக் கற்றுத்தர டீச்சருக்கு மழைக்காலம் முழுக்க ஆனது. மாமா ஒரே தடவையில் கற்றுக்கொடுத்துவிட்டார். யாராவது அவருக்குப் பொன்னாடை போர்த்தினால் தேவலை. கழுத்தை இறுக்கிக்கொள்ள வசதியாக –

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. சிரிப்பு காட்டித்தான் இவ்வளவும் ஆனது.)

அன்றிலிருந்து தங்கை தொட்டுக் கொடுப்பது எதையும் அவள் வாங்குவதில்லை. முடிந்துபோன ஆளின் கையிலிருக்கும் தட்டும் முடிந்தது. பழைய போட்டோவுக்குப் பதில் வேறொன்றை ஒட்டினால், மறுநாள் பல் விளக்குவதற்கு முன்பே அதுவும் பெட்டிக்குள். தங்கை தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நிற்கிறாள். வீட்டில் யாருமில்லை என்று உறுதியானால் பிள்ளை வந்து நாலு வாய் சாப்பிடுகிறது. குளியலுக்கு, சாயங்காலம் மச்சான் வேலை முடிந்து வரவேண்டும். சொந்த வீட்டில் ஒளிந்து நடக்கிறாள் என் தங்கை.

6

என்னாலயா? இந்த ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு மாமா அலைந்தார்.

மச்சான் சொன்னார்: "அட, விடுங்க மச்சான். யாரைச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

டாக்டர் சொன்னார்: "பல காரணம் சேர்ந்திருக்கலாம். லீவுன்னாலே இவங்களுக்கு எல்லாம் மாறிடுது இல்லையா?"

மாமா டீச்சருக்கு போன் போட்டார். "ஸ்கூல் திறந்தா உங்ககிட்ட வருவாளா டீச்சர்?"

"பார்க்கலாம் சார்."

"அவங்க அம்மாகிட்டயாவது..."

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. பார்க்கலாம்."

எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களிடம் பதில் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

7

முடிவுகள்:

அ) பள்ளி திறக்கிறது. டீச்சரைக் கண்டதும் இன்ஸ்பெக்டர் ஓடிவந்து – (ஓடிவர மாட்டாள். இதுவரை எழுதியதைப் படித்தவர்களுக்கே தெரியும்.)

ஆ) ஒரு காலை அவளே பெட்டியைத் திறந்து, அம்மாவின் போட்டோவை எடுத்து – (அப்படியென்றால் மற்ற எல்லாமும் வெளியே வரும். குளித்தது, பாடியது, போன விடுமுறை, கடித்த கை.)

இ) மாமா தன் போட்டோவைப் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி – (தியாகம்! கைத்தட்டல் மாமாவுக்கு. பிள்ளையின் தட்டு அப்படியே ஆறிக் கிடக்கும்.)

வாசகரே, என் சரக்கு இவ்வளவுதான். உங்களிடம் வேறு இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மாமாவை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பிள்ளை அம்மா கையால் ஒரு வாய் வாங்கினால் போதும்.

8

இது முடிவல்ல. நேற்று மத்தியானம்.

கொல்லைக் கதவுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லோரம் தங்கையும் மாமாவும் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். உள்ளே ஸ்பூன் தட்டில் படும் சத்தம்.

"சாப்பிடறாளா?"

"ஷ்ஷ். மெதுவா பேசு."

மாமா போனில் இருந்த மூன்று முடிவுகளையும் கிசுகிசுவென்று படித்துக் காட்டினார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் வேறாகிப் போனதை மாமா பார்க்காத மாதிரி செடியைப் பார்த்தார்.

"லீவே இன்னும் முடியல. அதுக்குள்ள உனக்கு எதுக்குண்ணா முடிவு?"

"கதைன்னா வேணும்ல."

"அம்மான்னு அவ கூப்பிட்டதே இல்ல. அதெல்லாம் பழகிடுச்சு. தூக்கம் வந்தா மட்டும் என் புடவையைப் பிடிச்சு விரல்ல சுத்திக்குவா. இப்ப தலையணை உறையைச் சுத்திக்கறா."

ஸ்பூன் சத்தம் நின்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி கேட்டது.

மாமா மறுபடியும் கேட்டார்: "என்னாலதானே?"

எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. 'விடுண்ணா' என்பதுதான் அவள் வழக்கமாகச் சொல்வது. அதையே எதிர்பார்த்து மாமா போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"ஆமா" என்றாள் தங்கை. "உன்னாலதான். வேற யாரு போட்டிருந்தாலும் அவ திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டா. நீ வந்தா மட்டும்தான் பார்ப்பா."