பிரபாந்து நாட்டுத் தொட்டில்

எவ்வளவு துடைத்தாலும் காதுக்குள் இருந்த வெள்ளைத் தூசி போகவில்லை. இன்பமேரி ஈரத்துணியின் முனையைத் திரித்து, செத்துக் கிடந்த புருஷனின் காதுக்குள் விட்டு எடுத்தாள். கஸ்பார் மீசை முளைத்த நாளிலிருந்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் துளை போட்டவன். நெஞ்சுக்குள் போன தூசி விடிகாலையில் ஆளை முடித்துவிட்டது. காதுக்குள் போனதாவது வெளியே வரட்டும் என்று துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உடு புள்ள. தோலு உரிஞ்சுரும்," என்றாள் பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி. இன்பமேரியின் கைக்குழந்தை அவள் மடியில் கிடந்தது.

மேஸ்திரி சின்னப்பராஜ் வாசலில் செருப்போடு நின்றான். சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அடுப்பு மேடையைப் பார்த்தான். பிணத்தைக் கடைசியாகப் பார்த்தான்.

"சங்கடமான நேரந்தான் புள்ள. சொல்லாம இருக்க முடியல. துளை போடற ஆளுக்குத்தான் லைன் ஊடு. அது கம்பெனிச் சட்டம். ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்துக்க. அப்புறம் என்ற தம்பிக்கு ஒதுக்கியாச்சு."

"எப்ப ஒதுக்குனாங்க?"

"நேத்தே சொல்லி வெச்சுட்டேன்."

நேற்று கஸ்பார் உயிரோடுதான் இருந்தான். கஞ்சிக்கு உப்பு பத்தவில்லை என்று ஏசினான்.

"நானும் அங்க கூடை தூக்கறவதானுங்க."

"பொம்பளக் கூலிக்கு ஊடு கெடையாது. ஆத்தூர்ல உங்கண்ணன் இருக்கானில்ல?"

அண்ணன் ஜவ்வரிசி ஆலைக் கொட்டகையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு கால் நீட்ட இடமில்லாமல் படுக்கிறான்.

"ஏப்பா, ஈஸ்டருக்குத் தொட்டிலப் புடிச்சுக்கிட்டு அந்தக் கத்து கத்துன வாய்தான இது?" என்றாள் வேளாங்கண்ணி.

"அது நாடகம்," என்று சொல்லிவிட்டு அவன் சவப்பெட்டி எடுத்துவரப் போனான்.

நாடகம்தான். முன்பிருந்த வெள்ளைக்காரச் சாமியார் சொல்லச் சொல்ல உபதேசியார் பாட்டாகக் கட்டியது. ஐரோப்பாவில் சேலம் ஜில்லா அளவுகூடத் தேறாத பிரபாந்து நாட்டின் கதை. முதல் ராத்திரி, தாடிக்காரக் கோமான் சக்கரவர்த்தியிடம் பட்டம் வாங்குவார். இரண்டாம் ராத்திரி, அவர் மகன் பட்டத்துக்கு வந்து சில வருஷத்திலேயே நோயில் சாவான். அது கஸ்பாரின் வேஷம். சாகிற கட்டத்தில் அவன் இருமுவது வேஷ இருமல் இல்லை என்று இன்பமேரிக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் ராத்திரி பட்டத்துக்கு மிஞ்சுவது செத்தவனின் பால்குடிப் பிள்ளை. எதிரிகள் நாட்டைப் பிடுங்க வருவார்கள். காவல் பிரபுக்கள் நால்வர் பிள்ளையைப் போர்க்களத்துக்கே தூக்கிப்போய், படை முழுக்கப் பார்க்கும்படி மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். இந்த ஈஸ்டருக்குக் கோயில் புளியமரத்தில் கட்டியது இன்பமேரியின் சிவப்புச் சேலை. உள்ளே கிடந்தது அவள் பிள்ளை. பிரபு வேஷத்தில் சின்னப்பராஜும் மற்ற மூவரும் தகரவாளைத் தொட்டில்மேல் வைத்துப் பாடினார்கள்: இந்தத் தொட்டிலைத் தாண்டும் கால் இற்றுப் போகட்டும் என்று. சனம் மூக்கைச் சிந்தி அழுதது.

செத்த கோமானை மேடையில் தூக்குவதும் அந்த நால்வர்தான். அந்த வேஷக்காரன் நிஜமாகவே செத்தாலும் அவர்கள்தான் தூக்க வேண்டும். அது அந்தக் கோயில் வழக்கம்.

சாயங்காலம் சாமியார் லத்தீனில் செபித்துத் தீர்த்தம் தெளித்தார். பெட்டி கோயிலைவிட்டு வெளியே வந்தது. முன்னால் சின்னப்பராஜும் இன்னொரு பிரபு வேஷக்காரன் உபகாரசாமியும், பின்னால் மற்ற இருவரும் தோள் கொடுத்தார்கள்.

இன்பமேரி அவர்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தாள். கல்லறைக்குப் போகும் பாதை புளியமரத்தடியில் குறுகும். ஒரு பக்கம் கோயில் சுவர், மறுபக்கம் கள்ளி வேலி. குழந்தையைச் சுற்றியிருந்த சிவப்புச் சேலையை உருவி, தாழ்ந்த கிளையில் போட்டு முடிந்தாள். ஈஸ்டருக்குக் கட்டியபோது பட்டை தேய்ந்த இடத்திலேயே முடிச்சு உட்கார்ந்தது.

"என்ன புள்ள பண்ற? சவம் வருது," என்றாள் வேளாங்கண்ணி.

"பையன் அழறானுங்கக்கா. சித்த நேரம் தூங்கட்டும்."

குழந்தையைப் போட்டு ஒருமுறை ஆட்டிவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

பெட்டி வந்து நின்றது. சின்னப்பராஜ் அவளைப் பார்க்கவில்லை. இடது கையால் தொட்டிலை ஒதுக்கிவிட்டு ஓர் எட்டு வைத்தான்.

பெட்டி அவனோடு வரவில்லை.

"நடங்கப்பா. பொழுது போகுதில்ல?"

"நீ வேணா தாண்டிப் போ," என்றான் உபகாரசாமி. அவன் தோளையும் எடுக்கவில்லை, காலையும் எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சின்னப்பராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. எட்டு வைத்த கால் அப்படியே இருந்தது.

ஒதுக்கிவிட்ட தொட்டில் திரும்பி வந்து அவன் இடுப்பில் இடித்து நின்றது. உள்ளே குழந்தை தூங்கிவிட்டிருந்தது.