மிளகாய்க்குக் கொடுத்த அறை

குடிவந்த அன்று சேதுலட்சுமி அந்த வீட்டுக்குள் முதலில் எடுத்துப்போனது ஒரு கலயம் உப்பு. புதுவீடு புகும்போது உப்பும் மஞ்சளும்தான் முன்னால் போகவேண்டும் என்பது அவள் ஊர் வழக்கம். அது ஐம்பத்தேழாம் வருஷத்துச் சித்திரை. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. கலயத்தை மூலையில் வைத்துக் கும்பிட்டாள். அவள் இடுப்பில் இருந்த மகள் பூமயிலும் கைகூப்பினாள். அப்போது அதற்கு இரண்டரை வயது.

ஐப்பசி பிறந்ததும் அந்த உப்பு கலயத்துக்குள்ளேயே கரைந்து, கசிந்து, தரையில் ஓடியது. அதற்கடுத்து சுவர் வேர்க்கத் தொடங்கியது. விரலால் தொட்டால் விரல் நனைந்தது. பாயைத் தூக்கினால் அடியில் பாயின் உருவத்திலேயே ஈரம் படிந்திருந்தது. பூமயில் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ கிறீச்சிட்டது.

வீட்டுக்காரர் உக்கிரபாண்டி முதுகுளத்தூர்ப் பக்கத்து நிலக்காரர். சந்தைக்காக வாரம் ஒருமுறை இராமநாதபுரம் வருவார். சேதுலட்சுமியின் மாமனார் அவர் நிலத்தில்தான் கடைசிவரை வேலை செய்தார். அந்தப் பழக்கத்தில்தான் அவள் புருஷன் மூக்கையாவுக்கு வீட்டைக் கொடுத்திருந்தார். மூக்கையா தாலுகா ஆபீஸில் சேவகன். அவன் சம்பளத்துக்கு வேறு வீடு கிடைக்காது என்பதை அவளே நாலு தெரு அலைந்து தெரிந்துகொண்டிருந்தாள்.

"செவுத்துல ஒண்ணுமில்ல தாயி," என்றார் உக்கிரபாண்டி, வாசலில் நின்றபடியே. "நீங்க தண்ணி புழங்குற லட்சணம் அப்படி. காட்டுல கெடந்த ஆளுக. கல்லுக் கட்டடத்துல எப்படிப் புழங்கணும்னு தெரியல."

அவள் அதை நம்பினாள். பின்னால் நினைக்க நினைக்க அவளுக்கு ஆறாமல் போனது இந்த நம்பிக்கைதான். நிலமும் கட்டடமும் வைத்திருக்கிறவருக்குத் தெரியாதா என்று நினைத்தாள். பாத்திரங்களைச் சந்தில் கொண்டுபோய்க் கழுவினாள். குளியலை வீட்டுக்கு வெளியே ஓலைத்தடுப்புக்கு மாற்றினாள். ஈரத்துணி ஒன்றைக்கூட உள்ளே வரவிடவில்லை. ஒருநாள் பூமயில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டது. ஓங்கி அறைந்துவிட்டாள். பிள்ளை அழவில்லை. இழுத்த மூச்சை விடமுடியாமல் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தது.

வீட்டுக்கு வெளியே ஒரு படிக்கட்டு மேலே போனது. மேலே ஓர் அறையும் மொட்டைமாடியும் இருந்தன. அந்த அறையில் உக்கிரபாண்டியின் குண்டு மிளகாய் வற்றல் பதினெட்டு மூட்டை இருந்தது. நல்ல விலை வரும்வரை வைத்திருந்து விற்பார். சாவி சேதுலட்சுமியிடம். வெயிலடிக்கும் நாளெல்லாம் மூட்டைகளை அவிழ்த்து மாடியில் பரப்பி, மேகம் கூடுமுன் அள்ளிக் கட்டி உள்ளே வைப்பது அவள் வேலை. அதற்குக் கூலி இல்லை. வீடு கொடுத்ததற்கு அது மரியாதை.

"ஈரக்கையோட தொட்றாத," என்பார் ஒவ்வொரு முறையும். "பூசணம் பூத்துப் போகும்."

அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அவள் உடம்பு தானாகவே ஒரு நீண்ட மூச்சை இழுக்கும். நாலு பக்கமும் ஜன்னல். தரை சுட்ட ஓடு போலக் காய்ந்திருக்கும். வற்றலைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். கீழே இறங்கினால் பிள்ளையின் மூச்சு கிறீச்சிடும். இந்த இரண்டு சத்தத்தையும் அவள் வெகுநாள் சேர்த்து நினைக்கவில்லை. நினைக்கத் தனக்கு உரிமை இருப்பதாகவே தோன்றவில்லை.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் முதல் மழை விட்ட வெயிலில், ஊரில் செய்வதைச் செய்து பார்ப்போம் என்று துணிந்தாள். செம்மண்ணும் சாணியும் குழைத்து நெஞ்சு உயரத்துக்குச் சுவரைப் பூசினாள். ஊரில் மண்சுவர் எந்த ஈரத்துக்கும் இதில்தான் அடங்கும். மூன்றாம் நாள் பூச்சு மொத்தமும் தோசை மாதிரி உரிந்து விழுந்தது. பழைய சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. உள்ளே கல் முழுக்க வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஒரு பொருக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

நல்ல தண்ணீர் வண்டி ஓட்டுகிற வாவு முகம்மது குடத்தை நிரப்ப வந்தவர், வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாணியப் போட்டா மெழுகுன? யா அல்லா! உப்புக் கெடங்குக்கா சாணி மெழுகுவாக?"

"கெடங்கா? என்ன பாய் சொல்றீக?"

"ஒனக்குத் தெரியாதா? வெள்ளக்காரன் இருந்த காலத்துல இது உப்புக் கெடங்குல்ல. இதே வாசல்ல நானே எத்தன வண்டி மூட்ட எறக்கியிருக்கேன். முப்பது வருசம் உப்பக் குடிச்ச செவுரு மகளே. மழக்காத்து பட்டா வேர்க்கத்தான் செய்யும். நீ தண்ணியே குடிக்காம கெடந்தாலும் வேர்க்கும்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"நல்லாக் கேட்ட போ! கெடங்க ஏலத்துல எடுத்ததே அவருதான?"

வண்டி போய்விட்டது. அவள் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதலில் வந்தது கோபமில்லை. பிள்ளைக்குக் கொடுத்த அந்த அறைதான் கையில் திரும்ப வந்தது. உள்ளங்கை தகித்தது. எதற்காக அடித்தேன்? இந்தச் சுவருக்காக, இந்தக் கல்லுக்காக, ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பிள்ளையை அடித்தேன். அடித்தவள் நான்தான். ஆனால் என் கையை ஓங்க வைத்தவன் அன்று வாசலில் நின்றபடியே பொய் சொல்லிவிட்டுப் போனான். அப்புறம்தான் கோபம் வந்தது. அழுகையோடு கலக்காமல், தெளிவாக வந்தது. தன்னுடைய கோபத்துக்கு இத்தனை தெளிவு இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சந்தை நாளில் உக்கிரபாண்டி வந்ததும் கேட்டாள்.

"இது உப்புக் கெடங்காமே அய்யா?"

"இருந்துட்டுப் போகுது. உப்பு என்ன வெசமா?"

"பிள்ளைக்கு மூச்சு எளைக்குது. மழ முடியுற மட்டும் மாடியில படுக்க வச்சுக்கிறேன்."

"மொளகாய எங்கன வைக்க?"

"கீழ வைங்க."

அவர் பதறிப்போனார். "கீழயா? கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? ரெண்டு நாள்ல நமத்துப்போகும்!"

அவர் சொன்னதை அவரே கேட்கவில்லை. அவள் கேட்டாள். திண்ணையோரம் நின்றிருந்த மூக்கையா தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிங்கய்யா," என்றாள்.

ஐந்து நாள் கழித்து, காலையில் மூக்கையா ஆபீஸுக்குப் போனதும் மாடிக் கதவைத் திறந்தாள். முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக் கீழே இறக்கினாள். வற்றல் மூட்டை பெரிதே தவிரக் கனமில்லை. உச்சிப்பொழுதுக்குள் பதினெட்டும் கீழறையில் சுவரை ஒட்டி அடுக்காகி நின்றன. நெடி போக மாடியறையை இரண்டு முறை கூட்டி, துடைத்து, சாயங்காலம்வரை ஜன்னல்களைத் திறந்துபோட்டாள். பாயைப் போட்டாள். பூமயில் ஏழெட்டுத் தும்மல் தும்மிவிட்டு, "காரமா இருக்கு," என்று சிரித்தது.

மூக்கையா வந்து பார்த்து நடுங்கிவிட்டான். "என்ன காரியம் புள்ள பண்ணிட்ட? நம்மள தெருவுல தூக்கிப் போட்ருவாக."

"தெரு காஞ்சுதான கெடக்கு?" என்றாள்.

அன்றிரவும் அடுத்த நாளும் மழை. மூன்றாம் நாள் வெளுத்தது. சந்தை நாள். உக்கிரபாண்டி வியாபாரியைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தவர், முன்னால் தனியாக வந்தார். கீழறைக் கதவு திறந்திருந்தது. மூட்டைகளைப் பார்த்ததும் செருப்போடு உள்ளே ஓடினார். ஒரு மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிக் காதோரம் குலுக்கினார். சத்தமில்லை. விரலால் அமுக்கினார். வற்றல் உடையாமல் தோல் மாதிரி மடங்கியது.

"அடிப்பாவி! அம்புட்டும் போச்சே! எவ எறக்கச் சொன்னா ஒன்ன?"

"செவுத்துல ஒண்ணுமில்லேன்னு சொன்னீகளே அய்யா," என்றாள் படிக்கட்டில் நின்றபடி. "நான் ஒரு சொட்டுத் தண்ணி புழங்கல. அடுப்புக்கூட மாடியிலதான். மூணு நாளுதான் இருந்துச்சு ஒங்க மொளகா. எம்புள்ள ரெண்டு மழக்காலம் கெடந்துச்சு."

"வாயப் பாரு! ஏலே மூக்கையா! இங்கன வாலே! தூக்குலே மூட்டைய, மேல கொண்டா!"

மூக்கையா சேவகன் டவாலியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான். மூட்டையைப் பார்த்தான். மாடி வாசலில் சட்டையில்லாமல் நின்ற பூமயிலைப் பார்த்தான்.

"ஆபீசுக்கு நேரமாச்சுங்கய்யா," என்று சொல்லிவிட்டுச் சந்தில் இறங்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

உக்கிரபாண்டி கையிலிருந்த வற்றலை மூட்டைமேல் எறிந்தார். அப்புறம் கத்தினார். "தை பொறக்கட்டும், காலி பண்ணிப் போயிரணும்!"

"போறோம். மழ அதுக்குள்ள முடிஞ்சிரும். அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கும்."

அவருக்கு அப்போது சாவியைவிட வெயில் முக்கியம். வேட்டியை மடித்துக் கட்டி, தானே மூட்டையைத் தூக்கி, மூச்சு வாங்க மாடியில் கொட்டிப் பரப்பினார். ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக அவள் கை சும்மா இருந்தது. அவர் குனிந்து வற்றலைத் துழாவுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நிறைவு எதுவும் வரவில்லை. கோபம் முழுசாக, அப்படியே இருந்தது. தைக்குப் பிறகு எங்கே போவது என்பதும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

"தண்ணி," என்றது பூமயில்.

டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை குடிக்கப்போய்ப் பாதியைத் தரையில் சிந்திவிட்டது. சிந்தியதும் இரண்டு கைகளாலும் கன்னத்தை மூடிக்கொண்டது.

சேதுலட்சுமியால் அதைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வெயில் தரையில் விழுந்திருந்தது. சிந்திய தண்ணீர் ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. அது முழுக்கக் காய்கிறவரை இருவரும் எழுந்திருக்கவில்லை.